மூங்கிலின் ஏட்டை வாசித்தல்: மரபணு வரிசையறிதல் பற்றி ஓர் எளிய விளக்கம்

கொள்ளிடக் கரைப் படுகைகளில் மூங்கில் குத்துகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மூங்கிலைப் பற்றிப் புதிதாக யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணப் பந்தலுக்குக் கால், நெல் தூற்ற முறம், எரு அள்ளக் கூடை, வாழைக்கு முட்டு, கொட்டகைக்குத் தட்டி, கடைசியில் பாடைக்கு இரண்டு கழி என்று அது இங்கே எல்லா வீட்டுக்கும் வந்து போகும் பொருள். ஆனால் சில காலத்துக்கு முன் கும்பகோணம் பக்கத்தில் ஒரு கன்று விற்பனையில், “இது ஜீன் டெஸ்ட் பண்ணின மூங்கில், பூக்கவே பூக்காது” என்று ஒருவர் கூவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெரியவர், “மரபணு மாத்தினதா? வேண்டாம்ப்பா, மண்ணைக் கெடுத்துடும்” என்று நகர்ந்துவிட்டார். ஒருவர் அந்தச் சொல்லை உத்தரவாத முத்திரையாக எடுத்துக்கொண்டார். மற்றவர் அதையே ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். இரண்டுமே பிழை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

மூங்கிலின் மரபணு வரிசையை அறிதல் என்பது அடிப்படையில் வாசிப்பு. வாசிப்பதால் வாசிக்கப்படும் செடிக்கு ஒன்றும் நேர்வதில்லை. வாசித்துவிட்டதாலேயே எல்லாம் புரிந்துவிடுவதுமில்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, வாசிப்பு எப்படி நடக்கிறது, மூங்கிலில் அது ஏன் இவ்வளவு கடினம், இதுவரை அதிலிருந்து என்ன தெரிந்திருக்கிறது என்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மரமல்ல, நெல்லின் உறவு

முதலில் மூங்கில் யார் என்பதைச் சரிசெய்துகொள்ள வேண்டும். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரம் என்ற சொல்லுக்குள் அடக்கியிருந்தது. 2017இல் வந்த திருத்தம்தான் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. தொண்ணூறு ஆண்டுகள் சட்டத்தில் மரமாக இருந்த மூங்கில், தாவரவியலில் எப்போதுமே புல்தான். நெல், கோதுமை, கரும்பு, அறுகு ஆகிய அனைத்தும் அடங்கிய புற்குடும்பத்தில் அதுவும் ஒன்று. கணுவும் கணுவிடையுமாக அமைந்த தண்டையும் இணையாக ஓடும் இலை நரம்புகளையும் நெற்பயிருக்கு அருகில் வைத்துப் பார்த்தால் உறவு கண்ணுக்கே தெரியும். மூங்கிலுக்கு மரத்தைப் போல ஆண்டுதோறும் பருக்கும் திசு கிடையாது; குருத்து மண்ணை விட்டு வெளியே வரும்போது எந்தப் பருமனோ அதே பருமன்தான் கடைசி வரை.

இந்த உறவு வெறும் செய்தியல்ல. நெல்லின் முழு மரபணு வரிசையும் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்றால் 2005இல் வெளியிடப்பட்டது. அந்த வேலையில் இந்தியாவும் பங்கேற்றது. மூங்கிலை வாசிக்க அமர்ந்தவர்களுக்கு நெல் ஒரு அகராதியைப் போலக் கையில் இருந்தது. நெல்லில் இன்ன வேலையைச் செய்யும் பகுதி மூங்கிலில் எங்கே இருக்கிறது என்று தேடுவது, எதுவுமே தெரியாத மொழியை முதலிலிருந்து படிப்பதைவிடப் பல மடங்கு எளிது. 1922இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தை அக்கம்பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, நெல்லை முன்வைத்து மூங்கிலைப் புரிந்துகொள்வது இயல்பான வழியும்கூட.

எழுத்து, ஏடு, மரபணு

மூங்கிலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் டிஎன்ஏ என்னும் மிக நீண்ட, மிக மெல்லிய இழை இருக்கிறது. அது நான்கே வகைத் துணுக்குகளால் கோக்கப்பட்டது: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். இவற்றை நான்கு எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம். சுருக்கமாக அ, தை, கு, சை. இழை ஒற்றையல்ல, இரட்டை. ஓர் இழையில் அ இருக்கும் இடத்துக்கு எதிரே மற்றதில் தை மட்டுமே பொருந்தும். கு-வுக்கு எதிரே சை மட்டுமே பொருந்தும். எனவே ஓர் இழை தெரிந்தால் மற்றதைத் தானாகவே எழுதிவிடலாம். இந்த அமைப்பை 1953இல் வாட்சனும் கிரிக்கும் விளக்கினார்கள்.

இந்த எழுத்துத் தொடரில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான குறிப்பு எழுதப்பட்ட பகுதியே மரபணு. ஒரு சமையல் ஏட்டில் சாம்பார்ப் பொடிக்கான குறிப்பு ஒரு பத்தியில் இருப்பதைப் போல, ஒரு குறிப்பிட்ட புரதத்தை உயிரணு எப்படிச் செய்ய வேண்டும் என்பது ஒரு மரபணுவில் இருக்கும். அந்த நீண்ட இழை பல துண்டுகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சுருள் ஒவ்வொன்றும் ஒரு குரோமோசோம். எல்லாக் குரோமோசோம்களிலும் உள்ள எழுத்துகள் அனைத்தையும் சேர்த்து மரபணுத்தொகை என்பார்கள். எழுத்துகள் எந்த வரிசையில் உள்ளன என்று முதலிலிருந்து கடைசிவரை கண்டறிவதே வரிசையறிதல்.

அளவைச் சொன்னால் வேலையின் பாரம் புரியும். நெல்லின் மரபணுத்தொகை ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் கொண்டது. மூங்கில் வகைகளில் முதலில் வாசிக்கப்பட்டது சீனாவில் காடு காடாக வளரும் மோசோ மூங்கில். அதன் வரைவுப் பிரதியைச் சீன ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள். அது சுமார் 205 கோடி எழுத்துகள், அதாவது நெல்லைப் போல ஐந்து மடங்கு. பக்கத்துக்கு இரண்டாயிரம் எழுத்தாக அச்சிட்டால் பத்து லட்சம் பக்கங்களைத் தாண்டும். அதில் அவர்கள் அடையாளம் கண்ட மரபணுக்கள் ஏறக்குறைய 32 ஆயிரம். மனிதருக்கு இருப்பவை 20 ஆயிரம் அளவில்தான் என்பதைக் கூடை முடைபவர் ஒருவரிடம் சொன்னபோது, மூங்கிலுக்கு இவ்வளவு சூட்சுமம் உண்டென்று தமக்கு முன்பே தெரியும் என்றார். மரபணுக்களின் எண்ணிக்கையை அறிவின் அளவாகக் கொள்ளக் கூடாதென்றாலும், அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை.

சுருக்கமாக: நான்கு எழுத்துகள், அவற்றால் எழுதிய குறிப்பு மரபணு, குறிப்புகள் அடங்கிய சுருள் குரோமோசோம், மொத்த ஏடு மரபணுத்தொகை, அந்த ஏட்டை எழுத்தெண்ணிப் படிப்பது வரிசையறிதல்.

இலையிலிருந்து எழுத்துக்கு

வாசிப்பு ஓர் இளம் இலையிலிருந்து தொடங்குகிறது. இலையை மிகக் குளிர்ந்த திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக அரைத்து, உயிரணுவின் சுவரையும் கொழுப்பையும் புரதத்தையும் பிரித்து நீக்கும் கரைசல்களில் கலந்து, கடைசியில் ஆல்கஹாலைச் சேர்த்தால், டிஎன்ஏ வெண்ணிற நூலைப் போல ஒதுங்கி வருகிறது. இதற்கு ஒரு குத்திலிருந்து இரண்டு இலை பறித்தால் போதும். குத்துக்கு எந்தச் சேதமும் இல்லை.

அடுத்து அந்த நூலைச் சிறு துண்டுகளாக உடைப்பார்கள். இன்றைய கருவிகள் எதுவும் கோடிக்கணக்கான எழுத்துகளை ஒரே மூச்சில் படிப்பதில்லை என்பதால் இது கட்டாயம். துண்டுகளைப் படிக்கும் முறை பலவாக இருந்தாலும், அதிகம் பயன்படும் முறையின் சூத்திரம் மேலே சொன்ன இணைப்பொருத்தம்தான். ஒற்றையாக்கப்பட்ட இழைத் துண்டுக்கு எதிரே புதிய இழையைக் கட்டும்படி ஒரு நொதியை விடுவார்கள். கட்டுவதற்காகக் கொடுக்கப்படும் நான்கு வகை எழுத்துகளுக்கும் நான்கு வகை ஒளிர்சாயம் பூசியிருக்கும். நொதி ஓர் எழுத்தைப் பொருத்தியவுடன் கருவி ஒரு படம் எடுக்கிறது. எந்த நிறம் ஒளிர்ந்ததோ அந்த எழுத்து பொருந்தியிருக்கிறது, எனவே எதிர் இழையில் அதன் இணை இருக்கிறது. பிறகு சாயத்தை நீக்கி அடுத்த எழுத்து. இப்படிக் கோடிக்கணக்கான துண்டுகள் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் ஒரே நேரத்தில் படிக்கப்படுகின்றன. இதற்கெல்லாம் வழிகாட்டிய முறையை ஃபிரெட்ரிக் சாங்கர் 1977இல் வெளியிட்டார். 1980இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்.

இந்த முறையில் ஒரு துண்டு சில நூறு எழுத்துகளுக்கு மேல் போகாது. அண்மைக் கால முறைகள் பல்லாயிரம் எழுத்துகள் கொண்ட நீண்ட துண்டுகளையும் படிக்கின்றன. அவற்றுள் ஒன்று, டிஎன்ஏ இழையை மிக நுண்ணிய துளை வழியே நுழைத்து, ஒவ்வோர் எழுத்தும் கடக்கும்போது துளையில் ஓடும் மின்னோட்டம் மாறுவதைக் கொண்டு எழுத்தைக் கண்டுபிடிக்கிறது. நீண்ட துண்டுகள் ஏன் தேவை என்பதற்கு மூங்கிலைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அந்தாதியும் பல்லவியும்

கையில் இருப்பது கோடிக்கணக்கான கிழிந்த துண்டுகள். இவற்றை எப்படி முறையாக வரிசைப்படுத்துவது? அந்தாதி தெரிந்தவர்களுக்கு விடை எளிது. நூறு பாடல்கள் கொண்ட ஓர் அந்தாதியின் ஏடுகள் கலைந்துபோனாலும், ஒரு பாட்டின் இறுதிச் சொல் எதுவோ அதுவே அடுத்த பாட்டின் முதற்சொல் என்பதால், அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டே நூலைத் திரும்பக் கட்டிவிடலாம். மரபணுத்தொகையிலும் அதேதான் நடக்கிறது. ஒரே ஏட்டின் பல பிரதிகளை வெவ்வேறு இடங்களில் உடைத்துப் படிப்பதால், ஒரு துண்டின் முடிவும் இன்னொரு துண்டின் தொடக்கமும் ஒன்றின் மேல் ஒன்று படியும். படியும் இடங்களைக் கணினி தேடித் தேடி ஒட்டுகிறது. ஒவ்வோர் எழுத்தும் முப்பது முறையோ ஐம்பது முறையோ படிக்கப்படும்படி பார்த்துக்கொள்வதால், ஒரு துண்டில் நேர்ந்த வாசிப்புப் பிழையை மற்றத் துண்டுகள் திருத்திவிடும்.

ஆனால் மூங்கிலின் ஏடு முழுக்க அந்தாதியாக இல்லை. பாதிக்கும் மேல் பல்லவியாக இருக்கிறது. திருவையாற்றில் ஒரு கீர்த்தனையைக் கேட்கும்போது ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி திரும்ப வரும். பல்லவி மட்டும் எழுதிய ஒரு சிறு கிழிசலை உங்கள் கையில் கொடுத்து, இது எந்தச் சரணத்துக்கு அடுத்து வந்தது என்று கேட்டால் சொல்ல இயலாது. மூங்கிலின் மரபணுத்தொகையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி இப்படித் திரும்பத் திரும்ப வரும் தொடர்களால் ஆனது. இவற்றில் பெரும்பாலானவை தம்மைத் தாமே படியெடுத்து ஏட்டின் வேறு இடங்களில் செருகிக்கொள்ளும் இயல்புடைய தாவும் துணுக்குகள். நெல்லைவிட மூங்கில் ஏடு தடிமனாக இருப்பதற்கு இவை ஒரு முதன்மைக் காரணம்.

நீண்ட துண்டுகளின் அருமை இங்கேதான் தெரிகிறது. பல்லவியோடு அதற்கு முன்னும் பின்னும் உள்ள சரணங்களையும் சேர்த்து ஒரே துண்டாகப் படிக்க முடிந்தால் இடம் தானாக விளங்கிவிடும். 2013இல் வந்த மோசோ மூங்கிலின் வரைவு பல இடங்களில் அறுந்து அறுந்து இருந்தது. 2018இல்தான் குரோமோசோம் குரோமோசோமாகக் கோக்கப்பட்ட பிரதி வெளிவந்தது. செய்தித்தாள்களில் “மூங்கிலின் மரபணு முழுவதும் கண்டறியப்பட்டது” என்று ஒருமுறைக்கு இருமுறை வருவதற்கு இதுவே காரணம். முதல் பிரதிக்கும் திருத்திய பிரதிக்கும் உள்ள வேறுபாட்டைத் தலைப்பில் சொல்ல யாருக்கும் இடமிருப்பதில்லை.

ஒரே கட்டில் மூன்று ஏடுகள்

பல்லவியைத் தாண்டினாலும் இன்னொரு தடை உண்டு. அதைப் புரிந்துகொள்ள வாழைக் கொல்லைக்குப் போவது நல்லது. பூவன், ரஸ்தாளி, மொந்தன் ஆகியவை எல்லாம் இரண்டு காட்டு வாழை இனங்கள் கலந்து உண்டானவை. பூவனின் உயிரணுவில் ஒரு முன்னோரின் குரோமோசோம் தொகுதி இரண்டும் மற்றதன் தொகுதி ஒன்றுமாக மூன்று தொகுதிகள் இருக்கின்றன. மொந்தனில் அந்தக் கணக்கு மாறியிருக்கும். பொதுவாகத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு தொகுதிகள் இருப்பது இருமடியம். இரண்டுக்கு மேல் இருப்பது பன்மடியம்.

மூங்கில்களில் மழைக்காட்டுத் தரையில் வளரும் சிறு பூண்டு வகைகள் இருமடியமாகவே இருக்கின்றன. நாம் மூங்கில் என்று சொன்னவுடன் நினைக்கும் கட்டை வகைகள் அனைத்தும் பன்மடியம். குளிர்நாட்டு மூங்கில்களான மோசோ போன்றவற்றில் நான்கு தொகுதிகள், நம் ஊரைப் போன்ற வெப்பமண்டல ஆசிய மூங்கில்களில், மூன்று முன்னோர்களிடமிருந்து இரண்டிரண்டாக, ஆறு தொகுதிகள். படுகையில் நிற்கும் முள்மூங்கிலின் உயிரணுவில் குரோமோசோம்கள் எழுபதை ஒட்டி இருப்பது இதனால்தான். நெல்லில் 24 மட்டுமே.

இது எப்படி நேர்ந்தது என்பதைப் பல மூங்கில் இனங்களின் ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் வெவ்வேறு மூங்கில் முன்னோர்கள் தமக்குள் கலந்தன. வழக்கமாகக் கலப்பில் பாதி பாதியாகக் குறையவேண்டிய தொகுதிகள் குறையாமல் முழுதாகவே தங்கிவிட்டன. அந்தக் கலப்பு ஒரே முறையன்று, தனித்தனியாகப் பல முறை நடந்திருக்கிறது. கலந்த அந்த முன்னோர்கள் இன்று எங்கும் உயிரோடில்லை. அவர்களுடைய கையெழுத்து மட்டும் பேரப்பிள்ளைகளின் ஏட்டில் மிஞ்சியிருக்கிறது. எலும்பும் புதைபடிவமும் தராத ஒரு குடும்ப வரலாற்றை எழுத்தெண்ணிப் படித்தே மீட்டெடுத்திருக்கிறார்கள் என்பது, என் கணக்கில், மூங்கில் மரபியலின் மிக அழகான முடிவு.

வாசிப்பவருக்கு மட்டும் இது தலைவலி. ஒரே நூலின் மூன்று பிரதிகள், நூற்றுக்குச் சில எழுத்துகளே மாறி, ஒரே கட்டில் கலந்து கிடந்தால், எந்தக் கிழிசல் எந்தப் பிரதியைச் சேர்ந்தது என்று பிரிப்பது எளிதா?

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. மூங்கில் ஏடு நீளமானது, திரும்பத் திரும்ப வரும் தொடர்களால் நிரம்பியது. நம் ஊர் மூங்கிலில் அது ஒன்றல்ல, பழங்கலப்பில் வந்து சேர்ந்த மூன்று ஏடுகளின் கட்டு. மோசோவில் கண்டதை அப்படியே கொள்ளிடப் படுகைக்குக் கொண்டுவந்துவிட முடியாது. அது மண்ணுக்கடியில் வேர்த்தண்டை நீளமாக ஓடவிட்டுத் தனித்தனியாகக் கழி எழுப்பும் குளிர்நாட்டு வகை, நம்முடையது ஒரே இடத்தில் தூர் கட்டி நிற்கும் குத்து வகை.

பாடபேதம்

ஏட்டை வாசித்ததும் அதைக் கொண்டு என்ன செய்வது? இதற்கு வழி காட்டும் ஒருவர் நம் மாவட்டத்திலேயே பிறந்திருக்கிறார். பாபநாசம் அருகே உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1880 முதல் கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ. வே. சாமிநாதையர், ஒரே நூலின் பல சுவடிகளைத் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் மாறிவரும் பாடங்களைக் குறித்துக்கொண்டு பதிப்பித்தவர். ஏடு எழுதுபவர் படியெடுக்கும்போது ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அந்தப் பிரதியிலிருந்து படியெடுத்த எல்லாவற்றிலும் அதே தவறு தொடரும். ஆகவே ஒரே பிழையைப் பகிரும் சுவடிகள் ஒரே வழியில் வந்தவை என்று கொள்ளலாம்.

டிஎன்ஏவும் தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் ஏடுதான். அதிலும் எழுத்துப் பிழைகள் நேர்கின்றன, அவையும் வழிவழியாகத் தொடர்கின்றன. இரண்டு மூங்கில்கள் பகிரும் மாற்றங்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நெருங்கிய உறவு. இந்த மாற்றங்களையே ஆய்வாளர்கள் அடையாளக்குறிகளாகப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு முழு ஏட்டையும் வாசிக்க வேண்டியதில்லை. வேறுபாடு அதிகம் உள்ள சில பத்திகளை மட்டும் படித்தால் போதும். செலவும் நேரமும் பெருமளவு குறையும்.

மூங்கிலுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தாவரவியலார் செடிகளை இனம் பிரிப்பது பெரும்பாலும் பூவைக் கொண்டு. மூங்கிலோ பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கிறது. ஓர் ஆய்வாளர் தம் பணிக்காலம் முழுவதும் காத்திருந்தாலும் தம் தோட்டத்து மூங்கிலின் பூவைப் பார்க்காமலே ஓய்வு பெறலாம். அதுவரை இளங்குருத்தைப் போர்த்தியிருக்கும் மடலின் வடிவம், அதன் மேலுள்ள மயிர், கிளை பிரியும் விதம் ஆகியவற்றை வைத்தே இனம் சொல்லி வந்தார்கள். மடலோ நாளடைவில் உதிர்ந்துவிடும். நாற்றங்காலில் ஒரு முழக் கன்றாக நிற்கும்போது முள்மூங்கில், கல்மூங்கில், மஞ்சள் மூங்கில் ஆகியவற்றைப் பழகிய கண்ணும் தடுமாறும். விற்பனையில் பெயர்கள் மாறிப்போவது எப்போதும் ஏமாற்றாலல்ல. விற்பவருக்கே தெரியாமலும் நடக்கிறது.

கடையில் பொருளின் மேல் ஒட்டியிருக்கும் பட்டைக்குறியைப் போல, ஒரு குறுகிய டிஎன்ஏ பத்தியை மட்டும் படித்து இனத்தைச் சொல்லும் முறைக்கு டிஎன்ஏ பார்கோடு என்று பெயர். தாவரங்களுக்கு இலையின் பசுங்கணிகத்தில் உள்ள இரண்டு மரபணுப் பகுதிகளை 2009இல் பன்னாட்டுக் குழு பரிந்துரைத்தது. (பசுங்கணிகம் என்பது இலைக்குப் பச்சை நிறம் தந்து சூரிய ஒளியில் உணவு சமைக்கும் நுண்ணுறுப்பு, அதற்கெனத் தனியே ஒரு சிறு டிஎன்ஏ உண்டு.) மற்றப் பல செடிகளில் நன்றாக வேலை செய்யும் இந்த முறை கட்டை மூங்கில்களில் தடுமாறுகிறது. மூங்கிலின் பசுங்கணிக எழுத்துகள் மிக மெதுவாகவே மாறுவதால், நெருங்கிய இனங்கள் பலவற்றுக்கும் ஒரே பட்டைக்குறி வந்துவிடுகிறது. தலைமுறை மாறுவதே பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை என்னும்போது பிழைகள் சேர வாய்ப்பு குறைவு என்பதை இதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அதனால் மூங்கிலில் இனம் துல்லியமாக வேண்டுமென்றால் உட்கருவில் உள்ள பத்திகள் பலவற்றையும் சேர்த்துப் படிக்கவேண்டியிருக்கிறது. “பார்கோடு பார்த்தாயிற்று” என்று சொன்னால், எந்தப் பத்தி என்று கேட்பது தவறாகாது.

குத்து என்பது ஒரே செடி

அடையாளக்குறிகள் வெளிப்படுத்தும் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு குத்தில் நூறு கழி நின்றாலும் அது நூறு செடியல்ல. மண்ணுக்கடியில் ஒரே தூரிலிருந்து எழுந்த ஒரே செடி. அந்தத் தூரில் ஒரு பகுதியைப் பெயர்த்தெடுத்து இன்னோர் இடத்தில் நட்டாலும், கணுவை வெட்டி வைத்து வேர் பிடிக்கவைத்தாலும், ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் ஆயிரம் கன்று எடுத்தாலும், எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒரே ஏடு. வாழையில் பக்கக் கன்று எடுத்து நடுபவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வட்டாரத்து மூங்கில் அனைத்தும் யாரோ ஒருவர் எப்போதோ கொண்டுவந்த ஒன்றிரண்டு தூர்களிலிருந்து பரவியிருக்குமானால், பார்வைக்குப் பெருங்காடாகத் தெரிந்தாலும் மரபில் அது இரண்டே செடிதான். நோய் ஒன்று அந்தச் செடியைத் தாக்கக் கற்றுக்கொண்டால் காடு முழுவதையும் தாக்கும்.

வாழையோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. வாழைக்கன்று தன் வயதைத் தானே எண்ணத் தொடங்கி, தன் காலத்தில் குலை தள்ளும். மூங்கிலின் தூரைப் பெயர்த்து நட்டால் அது புதிதாக எண்ணத் தொடங்குவதில்லை. தாய்க்குத்து எண்ணிக்கொண்டிருந்த கணக்கையே தொடர்கிறது.

பூப்பு: சைகை தெரிந்தது, நாள் குறித்தவர் யார்?

“மூங்கில் பூத்தால் பஞ்சம்” என்ற பேச்சு பழையது. அதை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது சரியல்ல. மிசோரமில் மெலோகன்னா என்னும் மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைமலையாக ஒன்றாகப் பூக்கிறது: 1911–12, 1958–59, 2006–07. பூத்துக் காய்த்து விழும் கனிகளைத் தின்று எலிகள் பெருகுகின்றன. கனி தீர்ந்ததும் அவை வயலுக்கும் களஞ்சியத்துக்கும் இறங்குகின்றன. 1959இல் இதனால் நேர்ந்த பஞ்சம் அந்த மாநிலத்தின் அரசியல் வரலாற்றையே திருப்பியது. பஞ்சத்தைக் கொண்டுவந்தது பூவல்ல, எலி. பூக்கும் பரப்பு சிறிதாக, சிதறலாக இருக்கும் இடத்தில் அந்தச் சங்கிலி அந்த அளவில் உருவாவதில்லை. தென்னிந்திய முள்மூங்கிலுக்கு நாற்பது முதல் ஐம்பது ஆண்டு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பூத்து மூங்கிலரிசி உதிர்ந்ததும் குத்து காய்ந்துவிடும். கல்மூங்கிலுக்கு இந்தக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். மஞ்சள் மூங்கில் பூத்துப் பார்த்தவர்கள் மிக அரிது.

ஏன் எல்லாம் ஒரே நேரத்தில் பூக்கவேண்டும்? ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விதை விழுந்தால் எலியும் பறவையும் அத்தனையையும் தின்றுவிடும். ஒரே ஆண்டில் மலைபோல் கொட்டினால் தின்றது போக மிச்சம் முளைக்கும். டேனியல் ஜான்சன் என்னும் சூழலியலாளர் 1976இல் விரிவாக முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது. இது “ஏன்” என்பதற்கு விடை. “எப்படி” என்பதற்குத்தான் மரபணு வாசிப்பு வேண்டும்.

ஏட்டில் ஒரு மரபணு இருப்பது வேறு, அது அந்த நேரத்தில் வேலை செய்வது வேறு. சமையல் ஏட்டில் பாயசக் குறிப்பு எப்போதும் இருக்கும். அடுப்பில் பாயசம் என்றோ ஒரு நாள்தான். வேலை செய்யும் மரபணுவிலிருந்து ஆர்என்ஏ என்னும் தற்காலிகக் கைப்பிரதி எடுக்கப்படும். பூக்கும் மூங்கிலின் இலையிலும் பூக்காத மூங்கிலின் இலையிலும் உள்ள ஆர்என்ஏக்களைப் படித்து ஒப்பிட்டால், பூப்பின்போது எந்தக் குறிப்புகள் எடுக்கப்படுகின்றன என்று தெரிந்துவிடும். நெல்லில் இலையில் உண்டாகி நுனிக்குப் போய், கதிர் விடு என்று சொல்லும் ஒரு புரதச் சைகை இருப்பது ஏற்கெனவே நிறுவப்பட்டது. அதற்கு உறவான மரபணுக்கள் மூங்கிலிலும் இருக்கின்றன. பூக்கும் காலத்தில் அவை சுறுசுறுப்பாகின்றன.

இதைக் கொண்டு மூங்கில் பூப்பின் இரகசியம் உடைந்துவிட்டது என்று எழுதுபவர்கள் உண்டு. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். சைகை காட்டியதும் வடம் இழுபடுகிறது, தேர் நகர்கிறது. ஆனால் தேரோட்டத்துக்கு நாள் குறித்தது சைகை காட்டியவரல்ல, பஞ்சாங்கம். மூங்கிலில் சைகை காட்டுபவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாற்பத்தெட்டு ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் பஞ்சாங்கம் ஏட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது அறிவியலில் இன்னும் திறந்த கேள்விதான். எழுத்துகளில் இல்லாமல், எழுத்துகளின் மேல் காலப்போக்கில் படியும் வேதிக்குறிகளில் அந்தக் கணக்கு இருக்கலாம் என்ற கருத்தும் ஆராயப்படுகிறது. அப்படியிருந்தால் ஏட்டை எத்தனை முறை வாசித்தாலும் வரிசையில் மட்டும் தேடி அதைக் காண முடியாது.

வாசிப்பதும் திருத்துவதும்

இப்போது அந்தப் பெரியவரின் அச்சத்துக்கு வரலாம். வரிசையறிதல் வாசிப்பு, மரபணு மாற்றம் என்பது ஏட்டைத் திருத்தி எழுதுவது. வாசித்த ஏடு மாறுவதில்லை. இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு அனுமதி பெற்றுப் பயிரிடப்படும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். மூங்கில் அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. டெல்டா உழவர்கள் அதை அறியாமலே பயன்படுத்திவருகிறார்கள். சம்பாவில் வயல் மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும் சப்1 என்னும் பண்பு, ஒடிசாவின் ஒரு பழைய நெல் வகையிலிருந்து வந்தது. அதற்குக் காரணமான மரபணு 2006இல் கண்டறியப்பட்டது. பிறகு வழக்கமான முறையிலேயே மகரந்தம் சேர்த்து, பிறந்த நாற்றுகளில் அந்தப் பகுதி வந்திருக்கிறதா என்று டிஎன்ஏவை வாசித்துத் தேர்ந்தெடுத்தே சிஆர் 1009 சப்1 போன்ற ரகங்களை உருவாக்கினார்கள். மரபணு ஆய்வகத்தில் திருத்தப்படவில்லை. வாசிப்பு பொறுக்குவதற்கு மட்டுமே உதவியது.

மூங்கிலில் இதைச் செய்வது ஏன் கடினம் என்பது இப்போது விளங்கும். நெல்லில் ஒரு பருவத்தில் பூ வந்துவிடும். மூங்கிலில் இரண்டு நல்ல வகைகளைக் கலக்க வேண்டுமென்றால் இரண்டும் ஒரே காலத்தில் பூக்கவேண்டும். அடுத்த தலைமுறையைக் கலக்க இன்னொரு நாற்பது ஆண்டு. ஆகவே மூங்கிலில் வாசிப்பின் உடனடிப் பயன் கலப்பினம் உண்டாக்குவதிலல்ல. ஏற்கெனவே இருக்கும் நல்ல குத்துகளை இனம் கண்டு, பெயர் மாறாமல், ஒரே குத்தாக இல்லாமல் பலவற்றிலிருந்தும் கன்று எடுத்துப் பரப்புவதில்தான். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும் கேரளத்தின் பீச்சியில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனமும் மூங்கிலில் பணியாற்றும் தென்னாட்டு நிறுவனங்கள்.

கன்று வாங்கும் முன்

“ஜீன் டெஸ்ட் பண்ணினது, பூக்காது” என்பதற்குத் திரும்புவோம். டிஎன்ஏவைப் படித்தால் இனம் தெரியும். இரண்டு கன்றுகள் ஒரே தாய்க்குத்தினுடையவையா என்பது தெரியும். அந்தத் தாய் விதையிலிருந்து முளைத்து எத்தனை ஆண்டாயிற்று என்பது எழுத்து வரிசையில் எழுதப்பட்டிருப்பதில்லை. எனவே எந்தச் சோதனையும் ஒரு மூங்கில் பூக்காது என்று சான்று தர முடியாது. விற்பவரிடம் கேட்கவேண்டியவை வேறு: இது எந்த இனம்? விதையிலிருந்து வந்த கன்றா, தூரிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோ எடுத்ததா? தூரிலிருந்து என்றால் தாய்க்குத்து எங்கே நிற்கிறது, அதை யார் எப்போது விதைத்தார்கள்? முப்பத்தைந்து வயதுத் தாயிடமிருந்து எடுத்த ஒரு முழக் கன்று, நடும் அன்றே முப்பத்தைந்து வயதுடையது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தாய் பூக்கும்போது, பாபநாசத்தில் நட்டதும் மன்னார்குடியில் நட்டதும் அதோடு சேர்ந்தே பூக்கும்.